உரிய காலத்தில்

உட்காருங்க சார், கூப்புடுவாங்க என்று தபேதார் எத்திராஜ் சொல்லி அரை மணி நேரமாகிறது. மூன்றாம் மாடியில், துணைச் செயலாளர் அறைக்கு வெளியே கிடக்கும் மர பெஞ்சில், மடியில் ஒரு கோப்போடு சோலையப்பன் உட்கார்ந்திருந்தார். பிரிவு அலுவலர், வயது நாற்பத்தொன்பது, சர்க்கரை உண்டு, தலைமுடி ஓரளவு உண்டு. கோப்பு ஒன்றும் பெரியதில்லை. இதைவிடத் தடியான கோப்புகளை இடது கையில் இடுக்கிக்கொண்டு வலது கையில் டீ குடித்தபடி இந்த வராந்தாவில் நடந்தவர்தான் அவர். ஆனால் இன்றைக்கு இது மடியில் கனத்தது. காரணம் அதன் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி. நேற்றுச் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், அவரே தன் கையால் எழுதியது. மேற்கண்ட சூழ்நிலையில் இத்திட்டத்தைக் கைவிடலாம் எனக் கருதப்படுகிறது. யார் கருதுகிறார்கள்? சோலையப்பன் கருதவில்லை. அலுவலகத்தில் யாரும் எதையும் கருதுவதில்லை, கருதப்படும், அவ்வளவுதான், மழை பெய்வது மாதிரி அதுபாட்டுக்கு நடக்கும். அந்த வரியை முடித்துப் பேனாவை மூடும்போது வயிற்றுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. மத்தியானம் தின்ற பஜ்ஜி என்று நினைத்துக்கொண்டார். காலையில் பல் தேய்க்கும்போதும் அது அங்கேயே இருந்தது. பஜ்ஜி அவ்வளவு நேரம் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

திட்டம் வேறொன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் நேராகப் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். சேர்வதற்குக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே போனபிறகுதான் முதல் வருஷம் என்று ஒன்று இருந்ததும், அதில் மற்றவர்கள் ஒரு வண்டிக் கணக்குப் படித்திருப்பதும் தெரியும். அந்தப் பள்ளத்தை நிரப்ப, அப்படிச் சேருகிறவர்களுக்கு அரசு செலவில் தினமும் ஒரு இணைப்பு வகுப்பு. நாற்பத்தொரு கல்லூரிகளில் ஒன்பது வருஷமாக நடக்கிறது. அரசாணையின் முதல் வரைவை எழுதியது சோலையப்பன்தான். அதில் நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தார். வரைவு ஐந்து மேசைகளைத் தாண்டிப் போனது, ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொருவர் ஒரு காற்புள்ளியை எடுத்து இன்னொரு காற்புள்ளியைப் போட்டார்கள், நாற்பது எதற்கு, ஏன் ஒரு மணி நேரமாக இருக்கக்கூடாது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஏழாம் நம்பர் பஸ் நாலு நாற்பதுக்குத்தான் புறப்படும் என்றா சொல்ல முடியும்? நாலு மணிக்குக் கல்லூரி விடும், நாலு நாற்பதுக்கு பஸ் கிளம்பும், நடுவில் இருப்பது நாற்பது நிமிடம். தமிழ்நாட்டில் இன்றைக்கு நாற்பத்தொரு கல்லூரிகளில் மணி அடித்து நாற்பது நிமிடம் கணக்குப் பாடம் நடக்கிறதென்றால் அது ஒரு பழைய கல்லூரி பஸ்சின் புறப்பாட்டு நேரம் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது. சோலையப்பனுக்கு அதை நினைத்தால் இப்போதும் ஒரு சந்தோஷம் வரும். இன்றைக்கு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

அவர் அண்ணாந்து பார்த்தார். பெஞ்சுக்கு நேர் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. டக், டக் என்று ஒரு சத்தம். பேரிங் இல்லை, பிளேடு ஸ்குரூ தளர்ந்திருக்கிறது என்று அவருடைய காது அவரைக் கேட்காமலே சொல்லிற்று. காது அப்படித்தான், எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்த காது. அந்தக் காதினால்தான் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே மானம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை. பாலிடெக்னிக்கில் திங்கட்கிழமை என்றால் ஒர்க்‌ஷாப், ஒர்க்‌ஷாப் என்றால் காக்கிச் சட்டை, மூன்று வருஷப் பழக்கம். பொறியியல் கல்லூரியில் முதல் நாள் என்று தெரிந்தும் அவன் கை காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டது. (இருபது வயதுப் பையனை அவர் இவர் என்று சொல்ல வாய் வரவில்லை.) வகுப்பு வாசலில் நின்றான். உள்ளே அறுபது பேர், ஒரு வருஷம் ஒன்றாகத் தின்று தூங்கிப் பழகிய அறுபது பேர், அவனைப் பார்த்தார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்த சாரும் பார்த்தார், பார்த்துவிட்டு, வாப்பா, அந்த ரெண்டாவது ஃபேன் ரொம்பச் சத்தம் போடுது, என்னான்னு பாரு என்றார். நான் ஸ்டூடண்ட் சார் என்று சொல்லவேண்டிய இடம் அது. சொல்லவில்லை. காதில் சத்தம் விழுந்துவிட்டது, கை அரித்தது. சுவிட்சை அணைத்தான், பெஞ்சின் மேல் ஏறினான், பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தான், முடுக்கினான், இறங்கினான், சுவிட்சைப் போட்டான். சத்தம் நின்றது. நல்லது, போய்ட்டு வா என்றார் சார். அவன் போகவில்லை, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வகுப்பு சிரித்த சிரிப்பு கீழே கேண்டீன்வரைக்கும் கேட்டதாகப் பின்னால், அவனைப்போலவே பாலிடெக்னிக்கிலிருந்து வந்த கொண்டல்சாமி சொன்னான். ஆனால் கொண்டல்சாமியும் அன்றைக்குக் காக்கிச் சட்டைதான், அவன் இன்னும் கொஞ்சம் விவரமானவன், சோலையப்பனுக்கு நடந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மெஸ்ஸுக்கு ஓடி, சட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு பனியனோடு நின்று யாரிடமோ இரவல் கேட்டிருக்கிறான். அன்றைக்குப் பூராவும் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு மட்டும்தான் வருகிறது.

அந்த வகுப்பில் இப்படி நேரடியாக வந்தவர்கள் மூன்று பேர். வருகைப் பதிவேட்டில் ஒன்று முதல் அறுபதுவரை கூப்பிடுவார்கள், பிறகு அறுபத்தொன்று வராது, முந்நூற்றொன்று வரும். த்ரீ நாட் ஒன் சோலையப்பன். த்ரீ நாட் டூ பவுன்தாய். த்ரீ நாட் த்ரீ கொண்டல்சாமி. நடுவில் இருநூற்று நாற்பது பேரைக் காணோம் என்பான் கொண்டல்சாமி, அவங்கள எங்கடா தொலைச்சாங்க. அவன் எட்டயபுரம் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊர்க்காரன், எதையும் வாயால் ஜெயித்துவிடுவான், கணக்கைத் தவிர. பவுன்தாய் சாத்தூரிலிருந்து தினமும் வந்து போகிறவள், அவள் வந்து போகிற பஸ்தான் அந்த ஏழாம் நம்பர். பாலிடெக்னிக்கில் மாநில அளவில் ரேங்க் வாங்கியவள், அதை யாரிடமும் சொன்னதில்லை, கேட்டால் ஆமா என்பாள். மூன்றாம் செமஸ்டர் கணக்கு, வகுப்பில் ஒரு எழுத்துப் புரியவில்லை என்று இரண்டு பையன்களும் முழித்துக்கொண்டு நின்றபோது, நாலு மணிக்கு பஸ்சுக்கு வாங்க என்றாள். பஸ் மரத்தடியில் நிற்கும். டிரைவர் அண்ணன் டீ குடிக்கப் போயிருப்பார். கடைசி சீட்டில் அவள், முன் சீட்டில் திரும்பி முட்டி போட்டுக்கொண்டு இவர்கள் இரண்டு பேரும். வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசம், டீசல் வாசம், யாரோ விட்டுப்போன கொய்யாப்பழ வாசம். நோட்டில் எழுதினால் மூன்று பேருக்கும் தெரியாதென்று பவுன்தாய் சன்னல் கண்ணாடியில் படிந்த தூசியில் விரலால் எழுதுவாள். ஒரு கண்ணாடிக்கு ஒரு கணக்கு. நாலு நாற்பதுக்கு பஸ் அந்தக் கணக்குகளோடு சாத்தூருக்குப் போகும், காலையில் கணக்குகளோடு திரும்பி வரும். நம்ம கணக்கு ஊரெல்லாம் போயிட்டு வருது, நமக்குத்தான் வரமாட்டேங்குது என்பான் கொண்டல்சாமி. அவள் சிரிக்காமல் அடுத்த கண்ணாடிக்கு நகர்வாள், காதோரம் மட்டும் சிரிக்கும். சோலையப்பனுக்கு வாழ்க்கையில் எத்தனையோ அறைகளில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார வாய்த்திருக்கிறது, ஏசி போட்டது, முந்திரிப் பருப்பு வைத்தது. நின்றுகொண்டிருந்த அந்த பஸ்சுக்குள் இருந்த நிம்மதியை எதிலும் பார்க்கவில்லை. புரியவில்லை என்று சொல்ல அங்கே பயமில்லை, அதுதான் விஷயம். மழை பெய்தால் மட்டும் கணக்கெல்லாம் அழிந்துவிடும், அன்றைக்கு கொண்டல்சாமிக்குக் கொண்டாட்டம்.

அறைக் கதவு திறந்தது. சோலையப்பன் பாதி எழுந்தார். வந்தது வேறு யாரோ, கையில் வேறு கோப்பு, முகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட களை. எத்திராஜ் கையால் உட்காருங்க என்றார், மேடம் போன்ல இருக்காங்க, இன்னிக்கு மூட் பரவால்ல சார் என்று கூடுதலாக ஒரு வானிலை அறிக்கையும் கொடுத்தார். சோலையப்பன் உட்கார்ந்தார். மேடம் என்ன கேட்பார்? ஒன்றும் கேட்கமாட்டார். முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதியிருக்கிறது, எழுதியவரே கைவிடலாம் என்று சொல்லியிருக்கிறார், ஒரு கையெழுத்து, இரண்டு நிமிட வேலை. ஒன்பது வருஷத்தில் இந்த வகுப்பில் உட்கார்ந்த நூறு பேரில் முப்பத்தெட்டுப் பேர்தான் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்றால் எந்த நிதித்துறை சும்மா இருக்கும்? வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஏன் என்று கேட்பார்கள், பதில் இல்லை, அதற்கு முன்னால் நாமே முடித்துக்கொள்வது மரியாதை என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் முப்பத்தெட்டு என்பது பட்டம் வாங்கியவர்களின் எண்ணிக்கை இல்லை. அதுதான் பஜ்ஜி இல்லை என்று வயிறு சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம். கல்லூரிகளுக்குப் போகிற படிவத்தில் ஏழாவது கலம், உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கை. அதாவது சேர்ந்ததிலிருந்து மூன்றே வருஷத்தில், ஒரு பாடம்கூடத் தங்காமல் வெளியே வந்தவர்கள். நாலு வருஷத்தில் முடித்தவன், அஞ்சு வருஷத்தில் முடித்தவன், அவனுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை, அவன் தோற்றவனோடு சேர்த்தி. இந்த மகத்தான கலத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று பார்த்தால், அதுவும் சோலையப்பன்தான். அரசாணை வந்த வாரம், ஒரு மத்தியானம், வேறு ஏதோ ஒரு பழைய படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார். நாற்பது நிமிடத்தை அவ்வளவு ஆசையாக எழுதிய அதே கை. எழுதும்போது ஒரு விநாடி பேனா நின்றது, அதுவும் நினைவிருக்கிறது. நின்றுவிட்டு ஓடிவிட்டது. ஏன் நின்றது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டால் பதில் எட்டயபுரம் பக்கத்துக்குப் போகும்.

போகத்தான் போயிற்று, இப்போது, இந்த பெஞ்சில். தை மாசம், பொங்கல் விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், நம்பரும் பாடமும். ஊருக்குப் போயிருந்த கொண்டல்சாமி ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தான், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எங்க ஊரு உரக்கடைக்குப் போன் பண்ணுடா, நான் அங்கன நிப்பேன். சோலையப்பன் போர்டைப் பார்த்தான். முந்நூற்றிரண்டு, எல்லாம் பாஸ். முந்நூற்று மூன்று, கணக்கு இல்லை. முந்நூற்றொன்று, கணக்கு இல்லை. விரலை வைத்து மறுபடி பார்த்தான், மேல் வரியைப் பார்த்துவிட்டோமோ என்று நோட்டின் விளிம்பை வைத்துப் பார்த்தான். இல்லை. பக்கத்தில் அறுபது பேரில் நாலைந்து பேர், ஃபேன் மெக்கானிக் போச்சா என்று ஒருத்தன் கேட்டான், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மெயின் ரோட்டில் எஸ்டிடி பூத், கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஊதுவத்தி வாசம். மணி பதினொன்று. உரக்கடைக்காரர் எடுத்தார், உடனே கொண்டல்சாமி. அவன் மூச்சு கேட்டது. சொல்லுடா என்றான். உனக்குக் கணக்கு போயிருச்சுடா என்றான் சோலையப்பன். அந்தப் பக்கம் யாரோ யூரியா மூட்டை கேட்கிற குரல். பிறகு கொண்டல்சாமி கேட்டான், ஒனக்கு? ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில் என்ன நடந்தது என்று இருபத்தொன்பது வருஷமாக யோசிக்கிறார், வெட்கமா, உரக்கடையில் நிற்கிறவனுக்கு முன்னால் தானும் கீழே கிடக்கவேண்டாம் என்ற திமிரா, இல்லை அப்பாவிடம் சொல்லப்போகிற பொய்யை ஒருமுறை சொல்லிப் பார்த்ததா. எனக்கு வந்திருச்சுடா என்றான். நல்லதுடா, ரொம்ப நல்லது என்றான் கொண்டல்சாமி, அவன் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது, அதுதான் இன்றைக்கும் பொறுக்கமுடியாமல் இருக்கிறது.

கல்லூரி திறந்தது, த்ரீ நாட் த்ரீ என்று கூப்பிட்டார்கள், சத்தமில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள். வருவான், பஸ் கிடைத்திருக்காது, அறுவடை இருக்கும் என்று சோலையப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவனுடைய அப்பா வந்து டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார், போகும்போது நீங்க நல்லாப் படிங்க தம்பி என்று சோலையப்பன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பவுன்தாய்க்குத் தெரியும். போர்டை அவளும் பார்த்திருக்கிறாள், போனில் என்ன சொன்னான் என்பதும் எப்படியோ அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாலு மணிக்கு பஸ்சுக்கு வந்துரு என்று மட்டும் சொன்னாள், பழையபடி கண்ணாடியில் எழுதினாள், இவன் ஒருத்தன் மட்டும் முன் சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கணக்கு அவனுக்கு ஐந்தாவது தடவைதான் வந்தது, எல்லாரும் முடித்துப் போய் ஒரு வருஷம் கழித்து. பவுன்தாய் அதற்குள் மின்வாரியத்தில் சேர்ந்து, சம்பளம் வாங்கி, கல்யாணமும் முடித்திருந்தாள். பட்டத்தை வாங்கிக்கொண்டு இவன் குரூப் தேர்வு எழுதி அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்தான், வந்த இடத்தில் பி.இ. என்று மட்டும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டான், எத்தனை வருஷத்தில் என்று பெயருக்குப் பின்னால் போடுகிற வழக்கம் எங்கேயும் இல்லை. கொண்டல்சாமி ராஜபாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான், சோலையப்பனைவிட நல்ல வீடு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலை. பழசெல்லாம் பேசிச் சிரித்து, ஃபேன் கதையை எதிர் இலைக்காரருக்கும் சொல்லி, பாயசம் வரும்போது சாதாரணமாகச் சொன்னான். அந்த வருசம் இன்னொருத்தனுக்கும் போயிருந்தா நான் திரும்பி வந்திருப்பேன்டா. ஒத்தையில அந்த கிளாஸ்ல போய் உக்கார மனசு வரல. சொல்லிவிட்டு பாயசத்தை இழுத்து உறிஞ்சினான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும்தான்டா போச்சு என்று இரண்டு வார்த்தை. சோலையப்பன் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார், சர்க்கரை உள்ள மனிதர்.

சார், கூப்புட்றாங்க என்றார் எத்திராஜ்.

மேடத்துக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். கோப்பை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார், விவரமானவர்கள் அப்படித்தான். முப்பத்தெட்டு என்பதன்மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு, நீங்களே தெளிவா எழுதிட்டீங்க, எனக்கும் வேற வழி தெரியலை என்றார். குரலில் வருத்தம் இருந்தது, வேஷமில்லை. வேற ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார், இது எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், இல்ல மேடம் என்பதுதான் பதில். கையெழுத்துக்குக் குனிந்த அவருடைய தலையில் நேர்வகிடு தெரிந்தது. அப்பால் சன்னல், சன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை, வெறும் வெயில். இப்போது சொல்லாவிட்டால் இது மூன்றாவது தடவை என்று சோலையப்பனுக்குத் தோன்றியது.

"அந்தப் படிவம் தப்பு மேடம். நான்தான் அதைத் தயாரிச்சேன்."

பேனா நின்றது. என்ன தப்பு என்று கேட்டார். சோலையப்பன் ஏழாவது கலத்தைச் சொன்னார். மூன்று வருஷத்தில் முடித்தவர்களை மட்டும்தான் கேட்டிருக்கிறோம், தாமதமாக முடித்தவர்கள் அதில் இல்லை என்றார். தாமதம்னா தாமதம்தானே சார் என்றார் மேடம், பொறுமையாகத்தான்.

"நானும் பாலிடெக்னிக்லேர்ந்து நேரடியா ரெண்டாவது வருஷம் சேர்ந்தவன் மேடம். எனக்கு நாலு வருஷம் ஆச்சு. கணக்குல அஞ்சு தடவை எழுதினேன். இந்தப் படிவத்துப்படி நான் ஃபெயிலு."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்போல நிற்பது கேவலமாகவும் இருந்தது, உடம்பெல்லாம் லேசாகவும் இருந்தது. மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை, அதற்குச் சோலையப்பன் நன்றி சொல்ல வேண்டும். அப்போ தாமதமா முடிச்சவங்க மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். தெரியாது மேடம், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் சோலையப்பன். மேடம் பேனாவை மூடினார். வெள்ளிக்கிழமை காலையில் அந்த எண்ணிக்கை என் மேசைக்கு வரணும், வரலேன்னா நீங்க எழுதினதுலயே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன் என்று சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்குச் செவ்வாய். நாற்பத்தொரு கல்லூரி. மூன்று நாள்கூட முழுசாக இல்லை.

இருக்கைக்குப் போகப் பொறுமையில்லை. மாடிப்படித் திருப்பத்தில், சுவரோரம் நின்று, கோப்பைச் சன்னல் திட்டில் பிரித்து வைத்து, பட்டியலில் முதலில் இருந்த கல்லூரியைக் கூப்பிட்டார். விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி, திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர் என்று கார்குழலி என்ற பெயர் போட்டிருந்தது. குரல் சின்னதாக இருந்தது, இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கலாம். தலைமைச் செயலகத்திலிருந்து என்றதும் பயந்துபோய், அறிக்கை அனுப்பிட்டேனே சார், ஏதாச்சும் தப்பா சார் என்றது. தப்பு உங்க பேர்ல இல்லம்மா என்றார். தாமதமாகப் பட்டம் வாங்கியவர்கள் விவரம் வேண்டும், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி என்றார். அப்படி ஒரு பதிவேடு இல்லை சார், படிவத்துல அதைக் கேக்கலையே என்றாள் கார்குழலி. கேக்காதது என் தப்பு, நானே அப்படி ஒரு வருஷம் கழிச்சு முடிச்சவன்தான் என்றார் சோலையப்பன். இன்றைக்கு இரண்டாவது தடவை. முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது. லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அவள், ஒரு நோட்டு இருக்கு சார் என்றாள். பட்டச் சான்றிதழ் வாங்க வர்றவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போற நோட்டு. அதுல சேர்ந்த வருஷம், முடிச்ச வருஷம் ரெண்டும் இருக்கும். நாற்காலி நகர்கிற சத்தம், பீரோ திறக்கிற சத்தம், பக்கம் புரட்டுகிற சத்தம். தாமதமானதுன்னா நெறைய இருக்கே சார், எல்லாத்தையுமா வாசிக்கணும்? எல்லாத்தையும் வாசிங்க என்றார். மெதுவா வாசிங்க, எழுதிக்கிறேன்.

அவள் வாசித்தாள். முருகானந்தம், நாலு வருஷம். செய்யது இப்ராஹிம், மூணரை. வெயிலாச்சி, நாலு. பேரின்பராஜ், அஞ்சு. சோலையப்பன் கருதப்படுகிறது என்ற வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுத ஆரம்பித்து, அது நிறைந்து, பின்பக்கத்துக்குப் போனார். மாடியேறி வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் இல்லை அவருக்கு, ஆனாலும் ஒவ்வொருத்தரும் போர்டுக்கு முன்னால் விரலை வைத்து நின்றிருப்பார்கள் என்று தெரியும், திரும்பி வந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும், வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு எழுதினார். பதின்மூன்றாவது பெயர் முடிந்ததும் அவள் நிறுத்தினாள். அடுத்தது என்றார். பக்கம் புரட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"பதினாலாவது கார்குழலி சார். நாலரை வருஷம்." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நாந்தான் சார் அது. இங்க யாருக்கும் தெரியாது."

எழுதிக்கிட்டேன்மா, அடுத்தது வாசிங்க என்றார் சோலையப்பன்.